வக்கீல் அறைக்கு அனுமதி, இட்லிக் கடைக்கு நோட்டீசா?

சென்னையை ஒட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் தரைத்தள வீடுகளைக் கடை நடத்தும் இடங்களாக மாற்ற அனுமதி கேட்கலாமா, கூடாதா? தோழர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. குரல்கள் உயர்கின்றன, தேநீர் ஆறுகிறது, முடிவு மட்டும் வருவதில்லை. "நிலத்தையே வணிகப் பகுதியாக வகை மாற்றச் சொல்லிக் கேட்போம், நம் பெண்கள் நாலு காசு பார்க்கட்டும்" என்கிறது ஒரு தரப்பு. "வகை மாற்றினால் அடுத்த மாதமே வெளியார் பணத்தோடு வந்து நிற்பார்கள். இருக்கிற வீடும் போய்விடும். வீடு வீடாகவே இருக்கட்டும்" என்கிறது மறுதரப்பு.

இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அரசு எந்தச் சொற்களில் இந்தக் கேள்வியை வைக்கிறதோ, அதே சொற்களில்தான் இரு தரப்பும் பேசிக்கொண்டிருக்கின்றன. "குடியிருப்பு" என்றால் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் இடம், "வணிகம்" என்றால் வேறோர் இடத்தில் நடக்கும் வேறொரு காரியம் என்ற பிரிவினை யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்று நாம் முதலில் கேட்க வேண்டும்.

கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு மக்களைக் கொண்டுபோய் இறக்கிய செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். கூவம் ஓரத்திலிருந்தும் அடையாறு ஓரத்திலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பகுதி தலித் மக்கள். மீனவர்களும் பிற உழைக்கும் சாதியினரும் உண்டு. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்கள், பாரிமுனையில் மூட்டை தூக்கியவர்கள், பூ கட்டியவர்கள், மீன் விற்றவர்கள். நடந்து போய்ச் செய்த வேலைகள் 20, 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. காலை ஆறு மணிக்கு எசமானி வீட்டு வாசலில் நிற்க வேண்டுமானால் நாலு மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று முகவரி எழுதினாலே வேலை கிடைப்பதில்லை என்று அந்தப் பகுதி இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். வேலை போனது, புதுவேலையும் இல்லை. மீதம் இருந்தது அந்த வீடு மட்டும்தான். அதனால் வீட்டிலேயே பிழைப்பைத் தொடங்கினார்கள். சன்னல் கம்பிக்குப் பின்னால் ஷாம்பு பாக்கெட்டுகள், மாடிப்படியின் அடியில் இட்லிப் பானை, ஒரு தையல் இயந்திரம், ஒரு கோழிக்கறிக் கட்டை.

1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்கு யாரும் வீடு தரவில்லை. பார்சி விடுதியில் மறைந்து தங்கி, அங்கிருந்தும் விரட்டப்பட்டு, வீடு இல்லாததால் வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார். இன்றைய அரசு அந்தக் கதையைத் தலைகீழாக நடத்துகிறது. வீட்டைக் கொடுத்து வேலையைப் பிடுங்குகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதன்மைக் குடியிருப்புப் பகுதி, கலப்புக் குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று நிலம் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இதில் மிகவும் கண்டிப்பானதாகச் சொல்லப்படும் முதன்மைக் குடியிருப்புப் பகுதியிலேயே அன்றாடப் பொருள் விற்கும் பெட்டிக்கடை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, ஒற்றை ஆள் தையல் கடை, பால் விற்பனை நிலையம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. ஆக, பெட்டிக்கடைக்காக நிலத்தை வணிகப் பகுதியாக மாற்றத் தேவையே இல்லை. நம்மில் பலர் வகை மாற்றம், வகை மாற்றம் என்று பேசுகிறோம், விதியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தடை இருப்பது வேறிடத்தில். வீடு ஒதுக்கும்போது வாரியம் தருகிற ஆணையில், சொந்தக் குடியிருப்புக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. நகரத்தின் மற்றவர்களுக்கு முழுமைத் திட்டம் தருகிற பெட்டிக்கடை உரிமையை, ஒதுக்கீட்டு ஆணையின் ஒரு வரி இந்த மக்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே குடியிருப்புப் பகுதியில், அங்கேயே வசிக்கும் தொழில்வல்லுநர்கள் ஆலோசனை அறை வைத்துக்கொள்ளலாம். வக்கீல், மருத்துவர், ஆடிட்டர். மின்கட்டணத்திலும் இவர்களுக்குச் சலுகை. வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடிக்கு மிகாத ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணமே போதும். கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டிய வீட்டின் மொத்தப் பரப்பு 195 சதுர அடி. ஒரு வக்கீலின் முன்னறைக்குள் ஒரு குடும்பத்தின் அடுப்படி, படுக்கை, சாமான்கள் எல்லாம் அடங்கிவிடும். அந்த முன்னறையில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கினாலும் அது "குடியிருப்பு"தான். இந்த 195 சதுர அடியில் ஓர் ஓரமாக இட்லி ஊற்றினால் அது "பயன்பாட்டு விதிமீறல்". வாடிக்கையாளர் வந்துபோவது இரண்டிலும் உண்டு, பணம் கைமாறுவது இரண்டிலும் உண்டு. வேறுபாடு தொழில் செய்பவர் யார் என்பதில் இருக்கிறது. மூளையால் செய்வது வீட்டின் கண்ணியத்தைக் கெடுக்காது, கையால் செய்வது கெடுத்துவிடும் என்ற எண்ணம் எந்த ஏட்டிலிருந்து வந்தது என்று இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உழைக்கும் சாதிகளின் வீடு ஒருபோதும் வெறும் வீடாக இருந்ததில்லை. நெசவாளர் வீட்டின் நடுவில் தறிக்குழி. குயவர் வீட்டு முற்றத்தில் சக்கரம். வண்ணார் வீட்டுப் பின்புறம் வெள்ளாவி. வேலை வெளியே, ஓய்வு வீட்டில் என்பது மாதச் சம்பளம் வாங்குகிறவரின் வீடு. அந்த வீட்டிலும் சமையலும் துலக்கலுமாக வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, செய்தவள் வேலைக்காரப் பெண் என்பதால் கணக்கில் வரவில்லை.

சேரிக்கு இதைவிடக் கொடுமையான வரலாறு. "குடியிருப்பு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது நகரமைப்பு வரைபடத்தில் மஞ்சள் வண்ணம். தஞ்சை மாவட்டத்தில் அது பண்ணையாள் குடிசை போட்டிருந்த மிராசுதாரின் மனைக்கட்டு. பண்ணையில் வேலை செய்யும் வரைதான் குடிசை. வேலைக்கு வர மறுத்தால், கூலி உயர்த்திக் கேட்டால், மனையைக் காலி செய்ய வேண்டும். அந்த மனையில் இருந்துகொண்டு சுயமாக ஒரு கடை வைப்பது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். அப்படி வைத்தால் கூலி வாங்காமலும் வாழ முடியும் என்றாகிவிடுமே! அந்தக் குடியிருப்புகளை இருப்பவருக்கே உடைமையாக்கும் சட்டம் வந்தது 1971இல். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஒரு சட்டம் பண்ணையாளுக்கு மனையைத் தந்தது. இன்னொன்று, எந்த மனையில் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. முதல் சட்டத்தை நம் இயக்கங்கள் நன்றாக அறியும். இரண்டாவதைப் பொறியாளர்களின் விவகாரம் என்று விட்டுவிட்டோம்.

நம்மவர்கள் விதியை மீறக் கூடாது என்று உபதேசம் செய்பவர்கள் தியாகராய நகரை ஒரு முறை சுற்றிவரலாம். அனுமதித்த மாடிகளுக்கு மேல் மாடிகள், வாகன நிறுத்தத்துக்கு விட்ட இடத்தில் கடைகள். 113ஆவது பிரிவின்கீழ் தனித்தனிக் கட்டடங்களுக்கு விதிவிலக்கு அளித்த 62 அரசாணைகளை உச்ச நீதிமன்றம் 2000இல் ரத்து செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன்பே 1998இல் 113ஏ பிரிவு வந்துவிட்டது. கட்டணம் கட்டினால் விதிமீறல் வரன்முறையாகிவிடும். 2012இல் 113சி, 2007 சூலை முதல் தேதி வரை கட்டியவற்றுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. பல மாடி விதிமீறலுக்குச் சட்டத் திருத்தம், மாடிப்படி அடியில் உள்ள அடுப்புக்கு நோட்டீஸ்.

அமெரிக்காவிலும் இது இப்படித்தான் தொடங்கியது. 1910இல் பால்டிமோர் நகரம் கறுப்பர்கள் எந்தத் தெருவில் வசிக்கலாம் என்று சட்டம் போட்டது. இனத்தின் பெயரால் இப்படிப் பிரிப்பது செல்லாது என்று 1917இல், லூயிவில் நகரத்து வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பதே ஆண்டுகளில், 1926இல், ஓஹையோவின் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில், நிலத்தைப் பயன்பாட்டின்படி பிரிப்பது செல்லும் என்றது. மனிதரைப் பிரிக்க முடியாது போன இடத்தில் மனைப் பயன்பாட்டைப் பிரித்துக் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள். நமக்கு ஊர் வேறு, சேரி வேறு என்று ஏற்கெனவே பிரிந்திருந்ததால் அவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். கேட்பதற்கு மிகவும் சனநாயகமாக இருக்கிறது. ஆனால் கலப்பான தெரு ஒன்றில் ஒரு தலித் பெண் பிரியாணிக் கடைக்கோ கறிக்கடைக்கோ விண்ணப்பித்தால் வரக்கூடிய ஆட்சேபணைகளை நாம் இப்போதே எழுதிவிடலாம். "அமைதி கெடும்." "குடும்பங்கள் வசிக்கும் பகுதி." "சூழல் பாதிக்கப்படும்." வாடகை விளம்பரத்தில் "சைவம் மட்டும்" என்று எழுதுகிற கைதான் இந்த ஆட்சேபணையையும் எழுதும். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று மாவட்ட நிர்வாகமே முடிவெடுத்ததும், ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டதும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனதும் நினைவிருக்கும். ஓர் அரசு விழாவிலேயே இப்படியென்றால் தெருமுனைக் கடைக்கு என்ன நடக்கும்? சத்தம், புகை, கழிவுநீர், தீ ஆபத்து என அளந்து பார்க்கக்கூடிய ஆட்சேபணைகளை மட்டுமே ஏற்க வேண்டும். "சூழல்" என்று எழுதினால் எந்தச் சூழல் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி மறுதரப்புத் தோழர்களின் அச்சத்துக்கு வருகிறேன். அதை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ பணி நடக்கிறது. சோழிங்கநல்லூரைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் கண்ணகி நகரின் முகப்பை வணிகப் பகுதி என்று வகை மாற்றினால் அந்த மாற்றம் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிலம் எவரிடம் போகிறதோ அவரோடு அந்த மதிப்பும் போகும். இட்லி ஊற்றுகிற அக்காவிடம் ஒருவர் வந்து, கையில் இரண்டு லட்சம் வைத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அப்புறம் அங்கே ஒரு செல்பேசிக் கடை இருக்கும். அக்கா எங்கே இருப்பார்?

விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டால் போதாதா என்று கேட்கலாம். 1892இல் பஞ்சமி நிலம் தந்தபோதும் நிபந்தனை போட்டுத்தான் தந்தார்கள். முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த நிலங்களில் இன்று யார் இருக்கிறார்கள்? அவற்றை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். காகிதத்தில் இருந்த நிபந்தனை நிலத்தைக் காப்பாற்றவில்லை.

எனவே நிலத்தின் வகைப்பாட்டை மாற்றச் சொல்லி நாம் கேட்கக் கூடாது. குடியிருப்பவரின் உரிமையை விரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குடியிருப்பு என்ற சொல்லுக்குள், அங்கே குடியிருப்பவர் தன் உழைப்பால் நடத்தும் சிறுதொழிலும் அடக்கம் என்று ஒதுக்கீட்டு ஆணையிலும் வளர்ச்சி விதிகளிலும் எழுத வேண்டும். இந்த உரிமை ஆளோடு இருக்கும், சுவரோடு இருக்காது. அவர் வீட்டைவிட்டுப் போனால் அதுவும் போய்விடும். விற்கக் கூடாது என்று எழுதிவைப்பதைவிட, விற்பதற்கு அதில் எதுவுமே இல்லாதபடி செய்வது பலமான பாதுகாப்பு. வெளியார் வந்து வாங்குவதற்கு அங்கே வணிக மனை இருக்காது, இட்லி ஊற்றும் ஒரு பெண்தான் இருப்பார்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. எட்டு மாடிக் கட்டடத்தில் கடைக்கு வசதி தரைத்தள வீட்டுக்குத்தான். தரைத்தளம் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போக வேண்டிய இடம். கடை நடத்த உரிமை என்று வந்ததும் ஏழாவது மாடிக்காரர் தரைத்தளத்து முதியவரிடம் வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று பேச்சுக் கொடுப்பார். மின்தூக்கி பழுதாகும் நாளில் அந்த முதியவர் ஏழாவது மாடியிலேயே முடங்கிக் கிடப்பார். நம் மக்களுக்குள்ளேயே ஒருவர் பிழைப்பு இன்னொருவர் கால்களைக் கட்டிவிடும். ஆகவே வீட்டுக்குள் தொழில் செய்யும் உரிமை எல்லாத் தளத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தொழிலைக் காரணம் காட்டித் தளம் மாற்ற அனுமதிக்கக் கூடாது. மேல்தளத்தில் இருப்பவர்களுக்குக் கட்டடத்தின் அடியிலும் உள்தெருவிலும் மேசை போட அளந்து விட்ட இடங்கள் வேண்டும். வாரியம் கடை வளாகம் கட்டி ஏலம் விடுவதைத் தீர்வு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏலம் என்றால் முன்பணம் வைத்திருப்பவருக்குத்தான் போகும்.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. அதில் தெரு வியாபாரி என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் நடைபாதை, பூங்கா போன்ற பொது இடங்களோடு தனியார் இடமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தற்காலிக அமைப்பில் விற்பவரும் அதற்குள் வருவார். மாடிப்படி அடியில் உட்காரும் பெண்ணைக் கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்க இது போதும். இரும்புத் தட்டி வைத்து வீட்டை நீட்டிக்கொண்டவர்களின் கதை வேறு. ஒரே படிக்கட்டு, எரிவாயு உருளை, நெருக்கமான வீடுகள் என்று பார்த்தால் தீ ஆபத்து மெய்யானது. சமையல் தொழில் செய்பவர்களுக்குக் கட்டடத்துக்கு வெளியே பொது அடுப்படி ஒன்று கட்டித் தருவது வாரியத்துக்குப் பெரிய செலவே இல்லை.

கடைக்காரர் ஆவதுதான் விடுதலையா, சாதி ஒழிப்பு இயக்கம் பெட்டிக்கடைச் சங்கமா என்று சில தோழர்கள் கேட்பது எனக்குத் தெரியும். இல்லை. சொல்லப்போனால், சாதி பார்த்து இட்லி வாங்குகிறவர்கள் அந்தக் குடியிருப்புகளுக்குள்ளும் இருக்கிறார்கள். கடை திறந்ததும் அது ஒழிந்துவிடாது. ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எசமானி தனி டம்ளர் வைக்கும்போது "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று சொல்லும் தைரியம் கையில் இருக்கும் நூறு ரூபாயிலிருந்தும் வருகிறது. தமிழ்நாடு அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம். நல்ல திட்டம். ஆனால் கடனுக்குப் போனால் தொழில் நடக்கும் இடத்தைத்தான் வங்கி முதலில் கேட்கும். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருக்கும் உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் எளிய பதிவு போதும், அதற்கும் முகவரி வேண்டும். அண்ணலின் பெயரில் மானியம் தரும் அதே அரசு, அந்த மானியத்தை வைத்துத் தொழில் செய்யக்கூடிய ஒரே முகவரியில் தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது.

சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்த நிலத்துக்கு என்ன வண்ணம் என்பதை அது தீர்மானிக்கும். கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு மனை வணிகர் சங்கங்கள் வரைபடங்களோடு போகின்றன. கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பெண்கள் போக வேண்டும். நம் இயக்கங்கள் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, பேருந்தும் பிடித்துக் கொடுக்க வேண்டும். மனு இரண்டு கோரிக்கைகளோடு இருந்தால் போதும். வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணையில் "குடியிருப்புக்கு மட்டும்" என்ற வரி நீங்க வேண்டும். வக்கீலின் 200 சதுர அடிக்கு உள்ள மின்கட்டணம் இந்த 195 சதுர அடிக்கும் வேண்டும்.